எதிரொலியைக் கையிருப்பாக எண்ணலாமா?

சிங்கப்பூரில் ரோச்சோர், காலாங் ஆறுகளை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரத்தில் அடித்தளம் தோண்டுகிறவர்களுக்குக் கடல்களிமண் பழகிய தலைவலி. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சிங்கப்பூரும் சுமத்ராவும் போர்னியோவும் ஒரே நிலம். பனி உருகிக் கடல் திரும்பி வந்தபோது அந்தக் களிமண்ணின் மேலடுக்கு படிந்தது. அதே கடலேற்றம்தான் சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் வடக்கே உறைந்து கிடந்த சமவெளிகளை மூழ்கடித்தது. நீருக்கடியில் போன அந்த உறைநிலம் இன்னும் மெல்ல இளகிக்கொண்டிருக்கிறது. அங்கும், ஆழ்கடல் சரிவுகளிலும், மீத்தேன் பனிக்கட்டிக் கூண்டில் அடைபட்டு ஹைட்ரேட்டாக இருக்கிறது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உடைந்தால் 160 கன மீட்டருக்கு மேல் வாயு வெளிவரும். மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காட்டை இயற்கை எரிவாயுவிலிருந்து பெறும் ஊரில் இந்தச் செய்திக்கு மவுசு இருப்பது இயல்பு. ஆனால் கடலடியில் இவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் எதிரொலியிலிருந்து. கப்பல் இழுத்துச் செல்லும் ஏர் கன் அழுத்தக் காற்றை நீருக்குள் வெடித்து விடுகிறது; பின்னால் நீளும் ஒலிவாங்கிக் கம்பி, மண்ணடுக்குகளில் பட்டுத் திரும்பும் அதிர்வைப் பதிகிறது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். பனி பிடித்த மண்ணில் 2,000 மீட்டரைத் தாண்டிவிடும். உறைநிலத்துக்கு இந்த வேகம் நல்ல சாட்சி. அலாஸ்காவின் பியூஃபோர்ட் கடலில் எண்ணெய் தேடி எடுத்த பழைய பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அலசி 2016-ல் வெளியிட்ட முடிவின்படி, பனி தாங்கிய நிலம் கரையிலிருந்து 37 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு முன் நினைத்திருந்ததைவிட இது வெகு குறைவு. ஹைட்ரேட் விஷயம் இவ்வளவு நேரானதல்ல. கடல்தரையின் மேடுபள்ளத்தை அப்படியே ஒற்றிச் செல்லும் ஒரு கோடு அதிர்வுப் படத்தில் தெரியும். அதைத்தான் ஹைட்ரேட்டின் அடையாளம் என்பார்கள். கோட்டைப் பளிச்சென்று காட்டுவதோ, பெரும்பாலும் ஹைட்ரேட்டுக்குக் கீழே சிக்கிய தனிவாயு. துளி வாயு இருந்தாலே ஒலியின் வேகம் சடாரென்று விழுந்துவிடும். ஆகவே கோடு எல்லையைச் சொல்லும், இருப்பைச் சொல்லாது.

இதற்கு இந்தியக் கடலைவிட நல்ல சான்று வேண்டாம். தேசிய எரிவாயு ஹைட்ரேட் திட்டத்துக்காக 2006-ல் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' கப்பல் 21 இடங்களில் 39 துளைகள் இட்டது. கேரள-கொங்கண் கடலில், படத்தை நம்பித் துளையிட்ட இடத்தில் ஹைட்ரேட் அகப்படவில்லை. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலோ சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு வந்தது, அதுவும் களிமண்ணின் விரிசல்களில். அந்தமானில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 600 மீட்டர் வரை. மூன்று கடல், மூன்று கதை. இந்தியாவிடம் 1,894 லட்சம் கோடி கன மீட்டர் ஹைட்ரேட் வாயு உண்டு என்று கட்டுரைக்குக் கட்டுரை ஓடும் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு தூரம் ஊகத்தின் மேல் நிற்கிறது என்பது புரியும்.

கருவியைக் குறை சொல்லலாமா, அது இல்லாமல் கிருஷ்ணா-கோதாவரியே தெரிந்திருக்காதே என்று கேட்கலாம். நியாயம்தான். 2015-ல் ஜப்பானின் 'சிக்யூ' கப்பல் வந்தபோது தேடல் வெறும் கோட்டோடு நிற்கவில்லை. பழைய ஆறுகள் கடலடியில் கொண்டுபோய்க் கொட்டிய மணல் எங்கே என்று படத்தில் பார்த்துத் துளையிட்டார்கள், ஹைட்ரேட் செறிந்த மணலும் கிடைத்தது. கருவி கெட்டதல்ல, அதனிடம் கேட்ட கேள்விதான் முன்பு சரியில்லை. ஜப்பான் வாயுவையே எடுத்துக் காட்டிவிட்டதே என்பார்கள். 2013-ல் நான்காய் பள்ளத்தாக்கில் எடுத்தது உண்மை. ஆறாம் நாளே கிணற்றுக்குள் மணல் புகுந்து சோதனை நின்றதும் உண்மை. அந்த வாயுவை நம்பி யாரும் மின்நிலையம் கட்டவில்லை.

இன்னொரு ஆட்சேபம் எனக்குக் கனமாகவே படுகிறது: ஏர் கன் சத்தம் திமிங்கிலங்களைக் கலைக்கிறது. புதிதாக வெடிக்கும் முன் பழைய பதிவுகளைத் தோண்டுவது இதற்கு ஓரளவு பதில். பியூஃபோர்ட் முடிவு ஒரு வெடிகூடப் புதிதாகப் போடாமல் வந்தது. இந்தியாவின் முதல் ஹைட்ரேட் வரைபடங்களிலும் எண்ணெய்க்காக எடுத்த பதிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட பதிவுகள் எண்ணெய் நிறுவனங்களின் பெட்டகங்களில் இன்னும் பூட்டிக் கிடக்கின்றன; அவற்றைத் திறக்கச் சொல்வதற்குக் கப்பல் தேவையில்லை.