வேகம் குறைந்த டெஸ்க்டாப்: புதிய கணினி வாங்கும் முன் மின் மேலாண்மையைச் சோதிப்பது எப்படி?

வாங்கியபோது விரைவாக இயங்கிய டெஸ்க்டாப் கணினி, சில ஆண்டுகளில் ஒரு கோப்பைத் திறக்கவே திணறுகிறது. சில கணினிகளோ வேலை செய்யும்போது நன்றாக இயங்கி, சும்மா இருக்கும்போது உறைந்துவிடுகின்றன. பிராசஸர் பழையதாகிவிட்டது என்று கருதிப் பலரும் புதிய கணினிக்குப் பணம் ஒதுக்குகின்றனர். ஆனால் பிராசஸர், சைக்கிள் செயினைப் போல ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து மந்தமாகும் பொருள் அல்ல. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதன் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

பிராசஸர் செலவிடும் மின்சாரம் அதன் வேகத்தைப் பொறுத்தது; மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. எனவே வேலை இல்லாதபோது இரண்டையும் குறைத்துக்கொள்ளும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. ஓய்வு நேரத்தில் 1 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைவான வேகம் தென்பட்டாலும் அது பழுதன்று. வேலை வரும்போது வேகம் உயராமல் இருப்பதே பழுது.

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் தற்போதைய வேகமும் அடிப்படை வேகமும் காட்டப்படும். கனமான வேலை நடக்கும்போதும் வேகம் அடிப்படை அளவை எட்டவில்லை எனில், முதலில் பவர் ஆப்ஷன்ஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' 100 விழுக்காடாக இருக்க வேண்டும். சூட்டைக் குறைக்க யாரோ சொன்னார்கள் என்று இதை 99 ஆக மாற்றி வைப்போர் உண்டு. குறைந்தது ஒரு விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் பல கணினிகளில் இது டர்போ வேகத்தையே முற்றிலும் நிறுத்திவிடும்.

தொடக்கத்தில் முழு வேகத்தில் ஓடி, சில நிமிடங்களில் சரிந்தால் காரணம் வெப்பம். இன்டெல்லின் பல பிராசஸர்கள் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். விசிறியில் படிந்த தூசியை அகற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினாலே போதும்.

ஓய்வில் உறைந்துபோகும் கணினிகளின் கதை வேறு. 2013-ல் வெளிவந்த இன்டெல்லின் ஹாஸ்வெல் வகைப் பிராசஸர்கள், ஆழ்ந்த உறக்க நிலையில் 12 வோல்ட் இணைப்பிலிருந்து 0.05 ஆம்பியர் அளவே மின்னோட்டம் எடுக்கும். முந்தைய எஸ்எம்பிஎஸ் பெட்டிகள் பல, இத்தனை சிறிய சுமையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. மின்னழுத்தம் பிசகி, கணினி நின்றுவிடும். பயாஸில் சி6, சி7 எனப்படும் உறக்க நிலைகளை அணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சிக்கல் தீர்ந்தால் மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ் மட்டுமே. ஏஎம்டி ரைசன் பலகைகள் பலவற்றில் இதற்கென்றே 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்ற தேர்வு தரப்பட்டுள்ளது.

பிராசஸரே பழுதடைந்த பெரிய நிகழ்வும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுப் பெற்றதால் நிலைகுலைந்ததாக 2024-ல் அந்நிறுவனமே அறிவித்தது. பயாஸ் புதுப்பிப்பு வழியாகத் திருத்தமும் வெளியிட்டது. அது மேலும் சேதமாவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சீராக்காது. ஆகவே உத்தரவாதக் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. முழுக் கணினியாக வாங்கியோர் அக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தையே அணுக வேண்டும்.

பயாஸைப் புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே செயலிழக்கக்கூடும் என்பதால், யுபிஎஸ் இணைப்பு இல்லாமல் அதில் இறங்கக் கூடாது.