பந்து கைக்கு வருமுன்

விடுதியில் அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் ஆட்டத்தைத் திரையில் கண்ட நண்பர், “எறிபவன் குருட்டாம்போக்கில் எறிகிறானோ?” என்றார். அன்று என்பதற்கு என் விளக்கம் இது.

அவ்வாட்டத்தில் பந்தை முன்னோக்கி எறிய 1906-இல்தான் விதி இடந்தந்தது. எறிபவன் குவார்ட்டர்பேக். அவனுக்குத் தோள்வலிமை மட்டும் போதாது. எதிரணியினர் 11 பேரின் காவலைப் படிக்கவும் தெரியவேண்டும்.

ஆட்டம் அசையுமுன் அவன் மனத்தில் இரண்டு வினாக்கள். முதலாவது, பின்களத்தில் நிற்கும் ‘சேஃப்டி’கள் எத்தனை பேர்? ஒருவன் நடுவே நின்றால் நடுக்களம் அடைபட்டது. இருவர் பிரிந்து நின்றால் அது திறந்திருக்கிறது. இரண்டாவது, காப்பது ஆளையா, இடத்தையா? இதை அறியத் தன் அணியில் ஒருவனைக் குறுக்கே ஓடவிடுகிறான். எதிரி ஒருவன் நிழல்போல் தொடர்ந்தால் பெரும்பாலும் ஆள்காவல், தொடராவிட்டால் இடக்காவல்.

ஆனால் எதிரணியும் நடிக்கும். பந்து பின்னே வந்த கணமே இரு சேஃப்டிகளில் ஒருவன் முன்னே பாய்வான். மற்றவன் நடுவுக்கு ஓடுவான். முதல் ஊகத்தையே நம்பி நடுவில் எறிந்தால் பந்து எதிரி கையில்! ஆகவே பந்தை ஏந்தியபடி அந்தச் சேஃப்டியை மீண்டும் பார்க்கிறான். ஊகம் பொய்த்தால் வேறொருவனைத் தேடுகிறான். இதற்கெல்லாம் ஏறத்தாழ மூன்று வினாடிதான்.

ஆய்வுக்கூடத்தில் என் ஊகத்தோடு முரண்பட்ட அளவீடுகளைக் கருவியின் பிழை என்று தள்ளி, ஆறு மாதம் இழந்தவன் நான். கருவி பழுதின்றியே இருந்தது. இப்போது அந்த ஆட்டத்தில் பந்தை விட்டுச் சேஃப்டியையே பார்க்கிறேன். நண்பர்களும் அடுத்த முறை அவ்வாறு பாருங்கள்.