இரவே பாதி மேடை

விளாத்திகுளத்திலிருந்து நாகலாபுரம் வழியாகப் புதூர் போகிற சாலையில் இருபுறமும் கரிசல்தான். பங்குனியில் உளுந்தும் சோளமும் வீடு சேர்ந்துவிடும், மிளகாய்ப் பழம் களத்தில் காயும், காடு வெறுமையாக வெடித்துக் கிடக்கும். அம்மன் கோயில்களில் பொங்கல் வைக்கிற மாதம் அது. பொங்கல் என்றால் ஒரு ராத்திரியாவது நாடகம் வேண்டும். அதற்கென்றே ஊருக்கு ஊர் ஒரு கலையரங்கம் இருக்கிறது. இடுப்பளவு உயர மேடை, பின்னால் ஒரு சுவர், பக்கத்துக்கு ஒரு சுவர், மேலே கான்கிரீட் தளம், நெற்றியில் உபயதாரர் பெயர். பகலில் பையன்கள் ஏறி விளையாடுவார்கள், ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கும். தலைக்கட்டு வரி போட்டு ஊரே நடத்துகிற அரங்கு இது, டிக்கெட் கிடையாது. நான் இதை ஒரு கட்டடமாக நினைப்பதில்லை. ஆள் உள்ளே நின்று பாடுகிற ஒரு வாத்தியம் என்றே நினைக்கிறேன்.

நடுமேடையில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். பிறகு இறங்கி, வெட்டவெளியில் நின்று அதே மாதிரி தட்டிப் பாருங்கள். மேடையில் சத்தம் தடித்து விழும், வெளியில் சப்பென்று போய்விடும். மேடையில் நம் காதுக்கு வருவது ஒரு கைதட்டல் மட்டும் இல்லை. பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் தளத்திலும் மோதித் திரும்பிய நகல்களும் சேர்ந்தே வருகின்றன. நடிகருக்குப் பின்னால் 3 மீட்டரில் சுவர் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒலி 6 மீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 346 மீட்டர். ஆகவே அது பிந்துவது 17 மில்லிவிநாடிதான். இவ்வளவு சிறிய தாமதத்தை மூளை எதிரொலியாகக் கணக்கில் எடுப்பதில்லை, முதல் ஒலியோடு சேர்த்துப் பெரிதாக்கிக்கொள்கிறது. ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-ல் தன் முனைவர் ஆய்வில் இதை அளந்து காட்டினார். எந்தக் கொத்தனாரும் ஹாஸைப் படித்துவிட்டுச் சுவர் எழுப்பவில்லை. ஆனாலும் மேடையின் அளவு அந்தக் கணக்குக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது.

இனிக் குரல். தேர்ந்த நாடகக் குரல் 1 மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 64 மீட்டருக்கு ஆறு இரட்டிப்பு, குறைவது 36. மிச்சம் 59. எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் குரல் அளவு அது. கடைசி வரிசையில் பாய் விரித்திருக்கும் பாட்டிக்கும் வசனம் எட்டிவிடும். நாடக மேடைப் பாடகர்களான செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கூட்டத்தைக் கட்டிப்போட்டதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

அளவு மட்டும் போதாது. எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கிறது என்பதும் முக்கியம். கச்சேரி வித்துவான் 1 கட்டைச் சுருதியில் பாடினால், நாயகன் வேடமிடும் ராஜபார்ட் 4, 5 கட்டைக்கு ஏறுவார். அங்கே மூச்சழுத்தம் கூடும், குரல்நாண்கள் படாரென்று மூடும். மூடும் வேகம் கூடக் கூடக் குரலில் உயர் அதிர்வெண்களின் பங்கு பெருகும். நாம் 'கணீர்' என்கிறோமே, அது இதுதான். ஆபரா பாடகர்களை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு யோஹான் சுண்ட்பெரி, அவர்கள் குரலில் 3000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் தனியாக ஒரு மேடு இருப்பதைக் கண்டார். மொத்த வாத்தியக் கோஷ்டியையும் தாண்டிக் குரல் கேட்பதற்கு அந்த மேடே காரணம். கேட்கும் பக்கமும் இதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை உள்ள குழாயின் நீளம் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர், விரலில் ஒரு கணு அளவு. அந்த நீளமுள்ள, ஒருபக்கம் மூடிய குழாய் தானாக ஒத்ததிர்வது 3000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான்.

ஆனால் என்னை மிகவும் பிரமிக்க வைப்பது சுவரும் குரலும் இல்லை, இரவு.

நாடகம் பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். பகல் வேலை முடிந்து ஜனம் வரவேண்டும் என்பதே அதற்குக் காரணம். இருந்தாலும் காற்றும் அந்த நேரத்துக்காகவே காத்திருந்தது போல மாறுகிறது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கரிசல், மேகமில்லாத இரவில் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். காய்ந்த மண் அடியிலிருந்து வெப்பத்தைச் சீக்கிரம் மேலே கொண்டுவராது என்பதால் மேல்பரப்பு வேகமாகக் குளிரும், அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிரும். உயரத்துக் காற்றோ இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் மாறும். கைகோத்து வரிசையாக நடப்பவர்களில் ஒரு பக்கத்தார் மட்டும் ஈரக் கரிசலில் கால் வைத்தால், அவர்கள் பிந்துவார்கள், வரிசையே அந்தப் பக்கம் திரும்பும். ஒலி அலையும் அப்படித்தான். அடிப்பாகம் குளிர்ந்த காற்றில் பிந்த, மேற்பாகம் முந்த, அலை மொத்தமும் தரையை நோக்கி வளைகிறது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய பாட்டு கூட்டத்தின் மேல் வந்து இறங்குகிறது. பகலில் நேர்மாறு: சூடான தரையை விட்டு ஒலி மேல்நோக்கி வளைந்து, சிறிது தூரத்திலேயே ஒலி நிழல் விழுந்துவிடும். பக்கத்து ஊர் உறுமிச் சத்தம் மதியம் கேட்காமல் நடுச்சாமத்தில் தெளிவாக வருவதும் இதனால்தான். 1874-லேயே மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இந்த வளைவை விளக்கி எழுதியிருக்கிறார்.

இத்தனையையும் இன்று பெட்டி ஸ்பீக்கர்கள் மூடிவிடுகின்றன என்பது என் வருத்தம். உள்காதில் ஒலியைப் பிரித்தறியும் சவ்வில் உயர் சுரங்களின் இடம் வாசலிலும், தாழ்ந்த சுரங்களின் இடம் கடைசியிலும் இருக்கிறது. தாழ்ந்த ஒலி உள்ளே போகும் வழியில் உயர் சுரங்களின் இடத்தையும் அசைத்துக்கொண்டே போகும். அதனால் பெட்டி ஸ்பீக்கரின் தும் தும் என்கிற தாழ்ந்த அதிர்வு வசனத்தின் தெளிவை அழிக்கும். வசனத்தால் அதிர்வை அந்த அளவுக்கு அழிக்க முடியாது. பழைய குழாய் ஸ்பீக்கரில் தாழ்ந்த சுரமே அதிகம் வராது. கரகரவென்று இருந்தாலும் அதில் சொல் புரிந்தது.

இந்த மேடைகளில் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்துக்கு இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கி, அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். அவர்களைக் கட்டி வைத்திருப்பது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம். இதே தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர், 1922-ல் மறைந்தவர். இன்னொரு கட்டு ஆர்மோனியம். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையாலேயே துருத்தி போட்டு வாசிக்கும்படி அமைத்த பெட்டி அது. ராத்திரிப் பனியில் மிருதங்கத் தோல் தளரும், பித்தளை நாக்கு தளராது. துருத்தியை அழுத்தினாலும் தளர்த்தினாலும் அதன் சுருதி அநேகமாக அசையாது.

'வள்ளி திருமண'த்தில் வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்கிற இடத்துக்காகவே தூங்காமல் இருப்பவர்கள் உண்டு. சாதாரணப் பேச்சிலேயே பதில் எவ்வளவு வேகமாக வருகிறது பாருங்கள்: பத்து மொழிகளின் உரையாடலை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வில், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவிநாடி அளவிலேயே நின்றது. ஒரே ஒரு சொல்லை மனத்தில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவோ சுமார் 600 மில்லிவிநாடி வேண்டும். அதாவது வேலன் அடியை முடிப்பதற்கு முன்பே அது எங்கே போய் முடியும் என்று வள்ளி ஊகித்து, பதிலைக் கட்டத் தொடங்கிவிட வேண்டும், அதுவும் சுருதி பிசகாமல், சேர்ந்து ஒத்திகை பார்த்தே இராத ஒருவரோடு. கதை மனப்பாடமான கூட்டமும் கீழே அதையேதான் செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் வள்ளியின் கடைசிச் சொல் வருவதற்கு முன்பே பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பிவிடுகிறது.