இசையை எழுதும் கருவி

சேலத்திலிருந்து ஆத்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது வாழப்பாடி. பாக்குத் தோப்புகள் சூழ்ந்த ஊர் அது. பாக்கை உரித்து, வேகவைத்து, உலர்த்தி விற்கும் தொழிலால் அவ்வட்டாரத்தில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே வாய்ப்பாட்டோ வயலினோ நாகசுரமோ பயில விரும்பும் பிள்ளை, உள்ளூர் ஆசிரியர் ஒருவரை நாட வேண்டும்; இன்றேல் சேலத்திலுள்ள அரசு இசைப்பள்ளிக்குப் பேருந்து ஏற வேண்டும். எவ்வழியாயினும் ஆசிரியர் முன் அமரும் நேரம் சிறிது. வீட்டில் தனித்திருந்து பாடத்தை உருவேற்றும் நேரம் பெரிது. கேட்டது மறக்கும், மறந்தது மாறிப் பதியும். ஆதலின் இசை பயில்வோர்க்குக் குறிப்பேடு இன்றியமையாதது.

அக்குறிப்பேட்டில் எழுதப்படுவது சுரதாளக் குறிப்பு. ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழெழுத்துகளே அதற்கு முதல். மேல் தாயியில் வரும் சுரத்திற்குத் தலைமேல் ஒரு புள்ளியும், கீழ்த் தாயியில் வருவதற்கு அடியில் ஒரு புள்ளியும் இடுவர். நீட்டத்தைக் காற்புள்ளியாலும், இருமடங்கு நீட்டத்தை அரைப்புள்ளியாலும் காட்டுவர். விரைந்து ஒலிக்கும் சுரங்களுக்கு மேற்கோடு உண்டு. தாள உறுப்பு முடியுமிடத்தில் நிமிர்கோடு உண்டு. கையால் எழுதுவோர்க்கு இவற்றில் இடர் ஒன்றும் இல்லை. கணிப்பொறியில் எழுத முற்பட்டாலோ, முதல் வரியிலேயே தடை தோன்றுகின்றது. மேல் தாயிப் புள்ளி பெற்ற ‘ச’வும், புள்ளி பெற்ற மெய்யாகிய ‘ச்’சும் பார்வைக்கு ஒன்றே. ‘ரி’யின் தலைமேல் புள்ளியிடுவதற்கு விசைப்பலகையில் விசையே இல்லை. கடிதம் எழுதும் மென்பொருள் இசை எழுதுவதற்குப் போதாமை இதனால் விளங்கும்.

சுரங்களை அச்சேற்றும் முயற்சி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சென்னையில் அரசு அலுவலராய் இருந்த சின்னசாமி முதலியார், தியாகராசர் முதலியோரின் கீர்த்தனைகளை மேனாட்டு ஐங்கோட்டு முறையில் எழுதி, 1893ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பெரும்பொருள் செலவிட்டு அவர் மேற்கொண்ட பணி அது. அவர் தந்த ஊக்கத்தால், முத்துசாமி தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை இயற்றினார். எட்டயபுரம் அரண்மனையின் பொருளுதவியால் 1904ஆம் ஆண்டில் அந்நூல் அச்சேறிற்று. சுரங்களோடு கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் அதில் இடப்பெற்றன. அந்நாளில் இசையை அச்சிட ஒரு சமீனின் கருவூலம் துணைநிற்க வேண்டியிருந்தது. இந்நாளில் அப்பணியைச் செய்யும் கருவி, தேடத் தெரிந்தவர்க்கு விலையின்றியே கிடைக்கின்றது. எதைத் தேடுவது என்பதே வினா.

இக்கருவிக்கு இசைக்குறிப்பு மென்பொருள் என்று பெயர். அதன் வேலை மூவகைப்படும் எனலாம். எழுதுவோன் தரும் சுரத்தை அளவறிந்து கோட்டின்மேல் அமைக்கின்றது. எழுதியதைத் தானே இசைத்துக் காட்டுகின்றது. பின்னர் அழகுற அச்சிட்டுத் தருகின்றது. இவற்றுள் நடுவில் நிற்பதே பயில்வோர்க்குப் பெரும்பயன் தருவது. எழுதியதைக் காதால் கேட்கும்போது, ஓர் அட்சரம் குறைந்திருப்பினும் பிழை உடனே புலப்படும்.

இத்தகைய மென்பொருள்களுள் நெடுங்காலம் பெயர்பெற்று விளங்கியவை விலைகொடுத்து வாங்கத்தக்கவை. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது ஃபினாலே. இங்கிலாந்தைச் சேர்ந்த இரட்டையர்களான பென் ஃபின், ஜொனாதன் ஃபின் என்னும் உடன்பிறந்தார் உருவாக்கிய சிபேலியஸ் 1993இல் வெளிவந்தது. அதனை வளர்த்த குழுவினர் பலர் பின்னர் வேறொரு நிறுவனத்திற்குச் சென்று, 2016இல் டோரிக்கோவை வெளியிட்டனர். இவற்றின் முழுப்பதிப்பைப் பெறப் பல நூறு டாலர் வேண்டும்; சிலவற்றிற்கு ஆண்டுதோறும் சந்தா செலுத்த வேண்டும். திரைப்படத்திற்கும் பெரும் இசைக்குழுவிற்கும் எழுதுவோர்க்கு அச்செலவு தொழில்முதல் ஆகலாம். பாக்கு உரிக்கும் கூலியிலிருந்து பிள்ளைக்கு வயலின் வாங்கிக் கொடுத்த குடும்பத்திற்கு அது ஆகாத செலவு. சிபேலியஸும் டோரிக்கோவும் விலையில்லாச் சிறுபதிப்புகளையும் தருகின்றன என்பது உண்மையே. ஆயினும் அவற்றில் எழுதக்கூடிய கருவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வசதிகள் சில மூடப்பட்டிருக்கும்.

விலையினும் கருத வேண்டியது ஒன்று உளது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், ஃபினாலேயை விற்றுவந்த நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 35 ஆண்டுகள் அதிலேயே எழுதிவந்தோர் பலர் திகைத்து நின்றனர். ஃபினாலேயின் கோப்புகள் அதற்கே உரிய அமைப்பில் உள்ளவை. பிற மென்பொருள்கள் அவற்றை நேரே படிக்கும் நிலையில் அன்று இல்லை. ஆதலின், பழைய மென்பொருள் இயங்கும்போதே எழுதியவற்றையெல்லாம் பொதுவடிவிற்கு மாற்றிக்கொள்ளுமாறு அறிவுரை கூறப்பட்டது. மியூசிக் எக்ஸ்எம்எல் என்பது அப்பொதுவடிவின் பெயர். ஒரு மென்பொருளில் எழுதியதை மற்றொன்று படிக்கும்பொருட்டு ஏற்பட்டது அது. விலைகொடுத்து வாங்கினோர்க்கே இந்நிலை எனின், மென்பொருளைத் தேர்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி யாது? இதில் எழுதியதைப் பிறிதொன்றில் திறக்க இயலுமா என்பதே.

அக்கேள்விக்கும் விலைக்கும் ஒருங்கே விடை தருவது மியூஸ்கோர். செருமானியரான வெர்னர் ஷ்வேயர் 2002ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். அது கட்டற்ற மென்பொருள். எவரும் விலையின்றிப் பெறலாம், பிறர்க்கு வழங்கலாம், அதன் உள்ளமைப்பைத் திருத்தவும் செய்யலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவில் எழுதவும் படிக்கவும் வல்லது. அதனை ஆதரிக்கும் நிறுவனம் ஒருநாள் விலகினும், உள்ளமைப்பு பொதுவில் இருத்தலால் வேறு சிலர் அதனை எடுத்து நடத்த வழியுண்டு.

அதில் எழுதும் முறை கருநாடக இசை பயில்வோர்க்கு அயலானதன்று. சட்சத்தை ‘சி’ என்னும் மேனாட்டுச் சுரத்தில் வைத்துக்கொண்டால், சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்னும் ஏழு விசைகளே ச, ரி, க, ம, ப, த, நி ஆகிவிடும். நீட்டத்தை எண்விசை காட்டும்: 5 என்பது கால் சுரம், 4 அதில் பாதி, 3 அதிலும் பாதி. சரளி வரிசையை முதற்காலத்தில் 5ஐ அழுத்தி எழுதிய மாணவன், இரண்டாங்காலத்திற்கு 4ஐயும் மூன்றாங்காலத்திற்கு 3ஐயும் அழுத்தினால் போதும். மூன்று காலத்தின் கணக்கையும் கண்ணெதிரே காட்டும் பாடம் அது. வேறு விளக்கம் அதற்கு வேண்டுவதில்லை.

தொடக்கப் பாடங்கள் மாயாமாளவகௌளையில் அமைந்தவை. அவ்விராகத்தில் ரிடபமும் தைவதமும் தாழ்ந்தவை; காந்தாரமும் நிடாதமும் உயர்ந்தவை. மேனாட்டார் வழக்கிலுள்ள தொடக்கக் குறிகளுள் இவ்விரண்டை மட்டும் தாழ்த்துவது ஒன்றும் இல்லை. அவர்தம் இரண்டு தாழ்த்தற்குறிகள் நிற்கும் இடம் வேறு. ஆகவே இராகத்திற்கு ஏற்பத் தொடக்கக் குறியைத் தானே அமைத்துக்கொள்ளும் வசதி மென்பொருளில் உண்டா என்று பார்த்தல் வேண்டும். மியூஸ்கோரில் அவ்வசதி உண்டு. தாளமும் அவ்வாறே. ஆதி தாளத்திற்கு எட்டும், மிசிர சாப்புக்கு ஏழும், கண்ட சாப்புக்கு ஐந்துமாக எண்ணிக்கையை விரும்பியவாறு இடலாம். ஐங்கோட்டின் அடியில் பாடல்வரி எழுதும் இடத்தில் முதல் வரியாகச் ‘ச ரி க ம’ எழுத்துகளையும், இரண்டாம் வரியாகச் சாகித்தியத்தையும் எழுதினால், இருமுறைகளும் ஒரே தாளில் அமையும். ஐங்கோடு அறியாத ஆசிரியரும் அதனைப் படிப்பார். சுரவெழுத்து அறியாத கீபோர்டு கலைஞரும் படிப்பார். தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம்மாறாமல் அச்சாகின்றனவா என்பதை மட்டும் ஒரு வரி எழுதி முன்னரே சோதித்துக்கொள்ளுதல் நலம்.

சுருதியை மாற்றுவதும் எளிது. ஒரு கட்டையில் எழுதிய கீதத்தை, ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்காக ஒரே ஆணையில் முழுவதும் உயர்த்தலாம். சுருதி கெடாமல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக் கேட்கலாம். தனியே பயில்வோர்க்கு இது பேருதவி.

இக்கருவியைத் தேடுவோர் இடறும் இடமும் ஒன்று உளது. எழுதும் மென்பொருள் விலையில்லாதது. அதே பெயரில் பிறர் எழுதிய இசைத்தாள்களைத் திரட்டி வழங்கும் இணையத்தளமோ உறுப்பினர் கட்டணம் கேட்பது. இரண்டும் ஒன்றென்று மயங்கிப் பணம் கட்டுவோர் உளர். கட்டணம் உண்டு என்று அஞ்சி விலகுவோரும் உளர். எழுதுவதற்கு ஒரு காசும் வேண்டுவதில்லை.

கணிப்பொறியின் வலிமையையும் நோக்க வேண்டும். 2022 டிசம்பரில் வெளிவந்த மியூஸ்கோர் நான்காம் பதிப்பு பழைய 32 பிட் பொறிகளில் இயங்காது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ பெற்ற மடிக்கணினி இன்னும் வீட்டில் இயங்குமாயின், அதற்கு மூன்றாம் பதிப்பே பொருந்தும். கைப்பேசி ஒன்றே உடையார்க்கு மியூஸ்கோர் செயலியில் இசைத்தாளைப் பார்க்கவும் கேட்கவும் இயலுமேயன்றி எழுத இயலாது. நோட்ஃபிளைட், ஃபிளாட் போன்ற இணையவழிக் கருவிகள் அவர்க்கு ஓரளவு உதவும். ஆனால் அவற்றில் விலையின்றி வைத்துக்கொள்ளும் தாள்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு.

விலையில்லாத பிறிதொன்று லிலிபாண்ட். நெதர்லாந்து நாட்டினர் இருவர் 1996இல் தொடங்கியது அது. அதில் கோட்டின்மேல் சுரத்தை வைத்து எழுதுவதில்லை. எழுத்துகளால் ஆணை எழுதித் தந்தால், மென்பொருள் அதனைப் படித்து இசைத்தாளாக வரைந்து தரும். அச்சின் அழகில் அதற்கு இணை அரிது. எழுதிய கோப்பு வெறும் எழுத்தாதலின், பல்லாண்டு கழித்தும் எவரும் திறந்து படிக்கலாம். ஆயினும் சிறு பிழைக்கும் ஆணை நின்றுவிடும் இயல்பினது. இசையைப் பயிலத் தொடங்கும் சிறுவன்மேல் அதனையும் சுமத்துதல் தகாது.

எம்மென்பொருளாயினும் அதன் காதுக்கு எட்டாதது கமகம். மியூஸ்கோரில் எழுதிய தோடி, காந்தாரத்தை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி ஒலிக்கும். அவ்வாறு ஒலிப்பது தோடியன்று. இக்குறையைக் கருதியே எம். சுப்பிரமணியன் ‘காயகா’ என்னும் மென்பொருளை உருவாக்கி விலையின்றி வழங்கினார். ச, ரி, க, ம எழுத்துக் குறிப்பைப் படித்து, சுரங்களின் அசைவையும் சேர்த்து ஒலிக்க வல்லது அது. அழகிய அச்சுத்தாளுக்காக அன்றி, கமகத்தைக் கேட்டுணரும் ஆய்வுக்காக அதனை நாடுதல் தகும். சுப்பராம தீட்சிதர் குறிகளால் காட்ட முயன்ற அதே அசைவே இங்கு எண்களால் காட்ட முயலப்படுகின்றது.

வாழப்பாடி மாணவன் மியூஸ்கோரைக் கொண்டு முதலில் ஒரு மலகரி கீதத்தை எழுதிப் பார்க்கலாம். முடித்தபின் மென்பொருளின் சொந்தக் கோப்பு ஒன்று, மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவில் ஒன்று, அச்சிடுதற்குரிய பிடிஎஃப் ஒன்று என மூன்றாகச் சேமித்தல் வேண்டும். அச்சிடுமுன் வரிகளுக்கு இடையே வெளி அகலமாக விடுதலும் நன்று. ஆசிரியர் அத்தாளைக் காணும்போது, எந்தச் சுரம் அசைய வேண்டும், எது அசையாது நிற்க வேண்டும் என்பதைப் பென்சிலால் குறித்துத் தருதற்கு அவ்வெளி வேண்டும்.