கசிவின் தடம்

நுழையும்முன்

முன்மூடி திறந்து, வெண்ணிற ஆவி சூழச் சாலையோரத்தில் நிற்கும் பழைய மகிழுந்தைக் காணாதவர் குறைவு. ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டுப் பயணத்தைத் தொடர்வதே அங்குப் பெரும்பாலும் நிகழ்கிறது. முன்பு ஊற்றிய நீர் எங்கே போயிற்று என்று கேட்பவர் அரியர். அக்கேள்விக்கு முறையாக விடை தேடும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

பழைய ஊர்தி, தெளிவான அமைப்பு

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை உருவாக்கப்பட்ட மகிழுந்து அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மகிழுந்தின் மூன்றாம் வரிசையைத் தழுவியது அதன் வடிவம். அரசு அலுவலக வாயில்களிலும் தொடர்வண்டி நிலையங்களின் வாடகை ஊர்தி வரிசைகளிலும் பல்லாண்டுகள் நின்ற அவ்வூர்தியை இன்றும் பேணி ஓட்டுவோர் உளர். அதன் முன்மூடியைத் திறந்தால் உறுப்புகள் நெருக்கமின்றித் தனித்தனியே கண்ணுக்குப் புலப்படும். குளிர்விக்கும் அமைப்பைக் கற்பதற்கு இதைவிட ஏற்ற ஊர்தி அரிது. புதிய மகிழுந்துகளும் இதே நெறியில்தான் இயங்குகின்றன. அவற்றில் உறுப்புகள் மறைந்திருக்கின்றன, அவ்வளவே.

பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே ஊர்தியை நகர்த்தப் பயன்படுகிறது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பகுதி எஞ்சினின் உலோகச் சுவர்களைச் சுடாக்குகிறது. அவ்வெப்பத்தை அகற்றாவிடில் சில நிமிடங்களிலேயே உலோகம் வளைந்துவிடும். எனவே எஞ்சினின் உட்சுவர்களுக்கிடையே நீர்மம் ஓடுமாறு பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. வாட்டர் பம்ப் அந்நீர்மத்தைச் சுற்றி ஓடச் செய்கிறது. சூடேறிய நீர்மம் மேல் ரப்பர்க் குழாய் வழியாக முன்புறமுள்ள ரேடியேட்டரை அடைந்து, அதன் மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றில் வெப்பத்தை இழந்து, கீழ் ரப்பர்க் குழாய் வழியாக மீண்டும் எஞ்சினுக்குள் நுழைகிறது. இடையில் தெர்மோஸ்டாட் என்னும் வெப்பவாயில் உள்ளது. எஞ்சின் போதிய சூடு அடையும்வரை அது மூடியிருக்கும். வெப்பமான ஊர்களில் இது தேவையில்லை எனக் கருதிச் சில பணிமனைகளில் கழற்றி எறிந்துவிடுவதுண்டு. அது தவறான சிக்கனம். குளிர்ந்த நிலையிலேயே நெடுநேரம் ஓடும் எஞ்சின் விரைவில் தேயும். எரிபொருளையும் மிகுதியாகக் குடிக்கும்.

தெரிந்து தெளிவோம்

தொடக்ககால மகிழுந்துகள் பல, நீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக இழந்தே குளிர்ந்தன. அதனால் வழிநெடுக நீர் நிரப்ப வேண்டியிருந்தது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் மகிழுந்தில் தேன்கூட்டு ரேடியேட்டர் இடம்பெற்றது. 6 மி.மீ. சதுர வாயுடைய எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட சிறு குழாய்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. குறைந்த நீரைக் கொண்டே எஞ்சினைக் குளிர்விக்க அது வழிவகுத்தது.

மூடிக்குள் அடங்கிய ஆற்றல்

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அது ஓர் அழுத்த வால்வு. குறிப்பிட்ட அளவு அழுத்தம் உள்ளே உயரும்வரை அது திறவாது. அழுத்தம் உயர்ந்தால் நீரின் கொதிநிலையும் உயரும் என்பது இயற்பியல் பாடத்தில் கற்றதே. வளிமண்டல அழுத்தத்தைவிட அரை பார் கூடுதலாக இருந்தால் நீர் ஏறத்தாழ 111 பாகை செல்சியசில்தான் கொதிக்கும், 0.9 பார் கூடினால் ஏறத்தாழ 119 பாகையில் கொதிக்கும்.

இந்நன்மையே கவனக்குறைவானவருக்குப் பேரிடராக மாறுகிறது. 110 பாகையில் கொதிக்காமல் அடங்கியிருக்கும் ஒரு லிட்டர் நீரின் மீதுள்ள அழுத்தம் திடீரென விலகினால், அதில் ஐம்பதில் ஒரு பங்கு நொடிப்பொழுதில் ஆவியாகும். மிகச் சிறிய அளவுதான். ஆனால், அவ்வாவி ஏறத்தாழ முப்பது லிட்டர் இடத்தை வேண்டும். எஞ்சிய கொதிநீரையும் தள்ளிக்கொண்டு அது மூடி திறந்தவரின் முகத்தை நோக்கிப் பாயும். ஆகவே, சூடான எஞ்சினில் மூடியைத் தொடுதல் ஒருபோதும் கூடாது. அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ரப்பர்க் குழாயைத் தொட்டுச் சூடு தணிந்ததை உறுதிசெய்த பின்னரே, தடித்த துணியை மூடிமேல் இட்டு, முதல் நிறுத்தம்வரை மட்டும் திருப்பி, எஞ்சிய அழுத்தம் வெளியேறிய பிறகு முழுவதும் திறத்தல் வேண்டும்.

கசிவு போலத் தோன்றுபவை

நீர் குறைந்த உடனேயே கசிவு என முடிவுகட்டுதல் ஆகாது. பழைய அம்பாசிடர் வண்டிகளில், மிகுதியான நீர்மத்தை ஏற்றுத் திருப்பித் தரும் தனிக்கலம் இருந்ததில்லை. ரேடியேட்டரின் கழுத்திலிருந்து ஒரு சிறு குழாய் தரையை நோக்கி இறங்கும். விளிம்புவரை நீரை நிரப்பினால், சூடேறி விரிவடையும் பகுதி அக்குழாய் வழியே வெளியேறித்தான் தீரும். 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு உயரும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது. எட்டு லிட்டர் கொள்ளும் அமைப்பானால் ஏறக்குறைய கால் லிட்டர் வழிந்துவிடும். மறுநாள் காலையில் மட்டம் குறைந்திருப்பதைக் கண்ட உரிமையாளர் மீண்டும் விளிம்புவரை நிரப்புவார். அது மீண்டும் வழியும். குறையற்ற ரேடியேட்டர்கள் இவ்வாறு பணிமனைக்குச் சென்று வீணே கழற்றப்பட்டதுண்டு. குளிர்ந்த நிலையில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, நீர் சேர்க்காமல் சில நாள்கள் நோக்கினால் உண்மை விளங்கும். குறைந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது கசிவன்று. நாள்தோறும் குறைந்துகொண்டே வந்தால் ஐயமில்லை, எங்கோ வழி திறந்திருக்கிறது.

குளிரூட்டி பொருத்திய வண்டியின் அடியில் சொட்டும் தெளிந்த நீரும் இவ்வாறே பலரை மயக்கும். அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிவது. கூலன்ட் எனப்படும் குளிர்நீர்மமோ பச்சை, சிவப்பு முதலிய நிறம் ஊட்டப்பட்டது. விரலில் வழவழப்பாக ஒட்டும். சற்றே இனிய மணம் உடையது. அதைச் சுவைத்துப் பார்த்தல் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைச் சிதைக்கும் நஞ்சு. தரையில் தேங்கிய அதன் இனிப்பை நாடி நக்கும் நாய்களும் பூனைகளும் மாண்டுபோவதுண்டு.

சொட்டும் இடமும் கசியும் இடமும்

கசிவைத் தேடுவோர் பெரிதும் ஏமாறுவது இங்கேதான். தரையில் ஈரம் உள்ள இடத்திற்கு நேர்மேலே கசிவு இருக்கும் என எண்ணுவது இயல்பு. நீர்மமோ உலோகத்தின் அடிப்பரப்பில் ஒட்டியபடி ஊர்ந்து, தாழ்ந்த ஒரு முனையை அடைந்த பிறகே சொட்டும். ஓடும் வண்டியில் காற்றாடியின் வீச்சு அதைப் பின்னோக்கிச் சிதறவும் செய்யும். எனவே தரையைவிட எஞ்சினின் மேற்பரப்பே நம்பத்தக்க சான்று. நீர்மம் உலர்ந்த இடத்தில் வெண்மையான அல்லது பச்சை கலந்த உப்புப்படிவு எஞ்சும். சாதாரண நீரையே ஊற்றி வந்த வண்டியில் அது துருநிறக் கோடாக இருக்கும். அக்கோட்டைப் பற்றிக்கொண்டு கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். ஈரமுள்ள இடங்களுள் மிக உயரமானது எதுவோ அதனருகேதான் கசிவு இருக்கும். எண்ணெயும் புழுதியும் அப்பிய எஞ்சினில் தடம் தெரியாது. அதைக் கழுவித் துடைத்து உலரவிட்ட பின்னரே தேடத் தொடங்குதல் நன்று.

ரப்பர்க் குழாய்களின் முனைகளை முதலில் நோக்கலாம். அங்கே இறுக்கியிருக்கும் கிளிப் தளர்ந்திருந்தால், குளிர்ந்த காலைவேளையில் மட்டும் கசிந்து, எஞ்சின் சூடேறியதும் நின்றுவிடுதலும் உண்டு. ரப்பரும் உலோகமும் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதே காரணம். குழாயை விரல்களால் அழுத்தினால் வெடிப்புகள் வாய் திறக்கும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அது பழுதன்று, வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. உள்ளிருக்கும் அடைப்புவளையம் தேய்ந்தால், நீர் பேரிங்கிற்குள் புகாமல் இத்துளை வழியே வெளியேறிச் செய்தி சொல்லும். செய்தி பிடிக்கவில்லை என்று துளையை அடைத்துவிடுவோரும் உண்டு. அத்தகைய பம்ப் சிறிது காலத்தில் பேரிங் சிதைந்து இறுகி, ஃபேன் பெல்ட்டையும் அறுத்துவிடும்.

எஞ்சின் பக்கச் சுவரில் பதித்த வட்டத் தகட்டு அடைப்பான்கள் உள்ளிருந்து துருப்பிடித்து ஊசிமுனை அளவில் துளைபடலாம். பழைய ரேடியேட்டர் செம்பு, பித்தளைத் தகடுகளால் ஆகிப் பற்றாசு இட்டு இணைக்கப்பட்டது. அதிர்வினால் அவ்விணைப்புகள் விடும். ஆயினும் அதைத் திறமையான கைவினைஞர் மீண்டும் பற்றவைத்துத் தர இயலும். பிளாஸ்டிக் தொட்டியுடைய இக்கால ரேடியேட்டர்களுக்கு இந்நற்பேறு இல்லை.

புறத்தே ஈரமில்லாதபோது

கண்ணால் காண இயலாத கசிவுக்கு அழுத்தச் சோதனை துணைபுரியும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியை அகற்றி, அவ்விடத்தில் அழுத்தமானியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்துவர். மூடியில் பொறித்துள்ள அளவுவரை மட்டுமே காற்றை ஏற்ற வேண்டும். அதை மீறினால் நலமாக இருந்த இணைப்பும் விட்டுவிடும். பிறகு பத்து நிமிடம் போல் காத்திருந்து முள்ளை நோக்குவர். முள் அசையாதிருந்தால் ஐயம் மூடியின் மீது திரும்பும். வலுவிழந்த சுருள்வில்லுடைய மூடி, உரிய அழுத்தத்திற்கு முன்பே நீரை வெளியேற்றிவிடும். முள் இறங்கினால் எங்கேனும் புதிய ஈரம் தோன்றுகிறதா எனத் தேட வேண்டும்.

முள் இறங்கியும் புறத்தே ஈரம் இல்லையேல் கசிவு எஞ்சினுக்குள் நிகழ்கிறது. சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேற்பகுதிக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கட் என்னும் தகடு சிதைந்திருக்கலாம். மேற்பகுதியிலேயே விரிசல் விழுந்திருக்கலாம். எண்ணெய்க்குள் நீர் புகுந்திருந்தால் அது பால் கலந்த தேநீர் போலக் காட்சியளிக்கும். அந்நிலையில் எஞ்சினை இயக்குவது, மசகின்றி இயக்குவதற்கு ஒப்பாகும். சூடேறிய பின்னும் புகைக்குழாயிலிருந்து வெண்ணிற ஆவி ஓயாது வருதல், குளிர்நீர்மத்தில் இடைவிடாது குமிழிகள் எழுதல் ஆகியனவும் இதன் அறிகுறிகள். உறுதிப்படுத்த வேதியியல் சோதனை ஒன்று உண்டு. ரேடியேட்டரின் வாயில் எழும் காற்றை நீலநிறக் கரைசல் வழியே செலுத்துவர். எரிதலில் உண்டான கார்பன் டைஆக்சைடு அதில் கலந்திருந்தால், கரைசல் அமிலத்தன்மை பெற்று மஞ்சளாக மாறும். பள்ளி ஆய்வகத்தில் உள்ள புரோமோதைமால் நீலம் நிறம் மாறுவதும் இவ்வாறே.

இச்சோதனையின்போது எஞ்சின் ஓடும். அம்பாசிடரின் காற்றாடி பெல்ட்டினால் சுழல்வது. துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் அதனருகே செல்லக்கூடாது.

ஒட்டுவேலையின் விலை

கசிவை அடைக்க ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூளைக் கொட்டும் வழக்கம் ஓட்டுநர்களிடையே உண்டு. தூள் ஊறி, நுண்துளையில் சிக்கி அடைப்பது உண்மையே. ஊர் போய்ச் சேர வேறு வழியில்லாதவர் அதை நாடுவதில் குறைகாண இயலாது. ஆனால், கசியும் துளை எது, நீர் ஓட வேண்டிய குழாய் எது எனத் தூளுக்குத் தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைக்கும். நாள்தோறும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுதலும் இத்தகையதே. அதில் கரைந்துள்ள உப்புகள் உட்சுவரில் படிந்து வெப்பம் கடத்தப்படுவதைத் தடுக்கும்.

வெப்பமானியின் முள்ளும் ஒரு நிலையில் கைவிடும். நீர்மம் வெகுவாகக் குறைந்துவிட்டால், வெப்ப உணரி நீரில் மூழ்காமல் வெற்றிடத்தில் நிற்கும். அப்போது எஞ்சின் தகித்துக்கொண்டிருக்க, முள் தாழ்ந்து காட்டலாம். நிம்மதியுடன் மேலும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிய வாடகை ஊர்தி ஓட்டுநர், பல மாத வருவாயை எஞ்சின் சீரமைப்புக்குத் தர நேரும். தகிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைச் சட்டென ஊற்றுவதும் இரும்பை விரிசல்விடச் செய்யும். வண்டியை நிறுத்தி ஆறவிடுவதே அவ்வேளையில் செய்யத்தக்கது.

பழுதுநீக்கிய பின், வாலைவடிநீரும் குளிர்நீர்மமும் உரிய விகிதத்தில், பெரும்பாலும் சம அளவில், கலந்து மெல்ல ஊற்றப்படும். மூடியை இடாமலே எஞ்சினை இயக்கினால் உள்ளே சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறும். வெப்பவாயில் திறந்ததும் மேல் குழாய் சூடாகி, மட்டம் சற்றே இறங்கும். அதை ஈடுசெய்து மூடியபின் வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டி வருவர். இரவில் அதன் அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைப்பர். காலையில் தாள் உலர்ந்திருந்து, மட்டமும் குறித்த கோட்டில் நின்றால் பணி முடிந்தது. தாள் உலர்ந்திருந்தும் மட்டம் இறங்கியிருந்தால், அழுத்தமானியை மீண்டும் எடுக்க வேண்டியதுதான்.