எஃப்.ஏ.பி. என்றால் எந்த நாடு?

பழைய ராணுவ ஜெட் ஒன்றின் போட்டோ உங்க கையில் கிடைக்குதுன்னு வைங்க. நேரான இறக்கை, இரண்டு நுனியிலும் எரிபொருள் டேங்க். அது லாக்ஹீட் டி-33. 1948இல் முதலில் பறந்த பயிற்சி விமானம். பக்கவாட்டில் 'எஃப்.ஏ.பி.' என்று எழுதியிருக்கு. உடனே பிரேசில்னு முடிவு பண்ணிடாதீங்க! பொலிவிய விமானப்படைக்கும் அதே மூன்றெழுத்துதான். டி-33 இரண்டு நாட்டிடமும் இருந்தது.

அதனால் நாட்டுச் சின்னத்தைப் பாருங்க. சிவப்பு, மஞ்சள், பச்சை வளையங்கள் என்றால் பொலிவியா. பச்சை-மஞ்சள் நட்சத்திரம் என்றால் பிரேசில்.

ராணுவச் சேவையில் இருந்த உலகின் கடைசி டி-33களை 2017 வரை பறக்கவிட்டது பொலிவியாதான். அந்தப் போட்டோவுக்கு நீங்க தப்பா கேப்ஷன் போட்டா, ஒரு சின்ன விமானப்படையின் வரலாறு பெரிய நாட்டின் கணக்கில் போயிடும்.