கிழக்குக் கடலின் வாசற்படி: கிவான்

உலகப் படத்தை விரித்துப் பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கும். அவற்றுள் சமார் என்ற பெரிய தீவின் தென்கிழக்கு முனையில், ஒரு விரலை நீட்டியது போன்ற நிலப்பகுதி உண்டு. அங்குள்ள சிற்றூரே கிவான். ஒருபுறம் எல்லையற்ற பசிபிக் மாகடல். மறுபுறம் லெய்த்தே வளைகுடா. அவ்வூரார் பேசுவது வாராய் மொழி. மீன்பிடித்தலும் தென்னையும் அவர்களுக்குச் சோறிடுகின்றன. நாட்டின் கிழக்கு விளிம்பில் இருப்பதால், கடல் வழியே எது வந்தாலும் முதலில் எதிர்கொள்வது இவ்வூராகவே இருந்திருக்கிறது. வந்தது விருந்தாளியாகவும் இருந்தது, புயலாகவும் இருந்தது.

கிவானைச் சேர்ந்த சிறு தீவுகளில் ஒன்று ஹோமோன்ஹோன். 1521-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் கடலோடி மெகல்லனின் மாலுமிகள் அங்குதான் கரையிறங்கினர். பசிபிக் கடலைக் கடந்த அவர்கள் பசியாலும் நோயாலும் வாடியிருந்தனர். மறுநாள் பக்கத்துத் தீவாகிய சுலுவானிலிருந்து ஒன்பது பேர் ஒரு படகில் வந்தனர். மொழி தெரியாது, வந்தவர் யாரென்றும் தெரியாது. ஆயினும் மீனும் வாழைப்பழமும் தேங்காயும் தென்னங்கள்ளும் கொடுத்தனர். நோயுற்ற மாலுமிகளுக்கு மெகல்லன் நாள்தோறும் தம் கையாலேயே இளநீர் வழங்கினார் என்று உடன் சென்ற பிகஃபெட்டா எழுதி வைத்திருக்கிறார்.

1595-இல் இயேசு சபைத் துறவியர் இங்கு மறைப்பணியைத் தொடங்கினர். பின்னாளில் அகுஸ்தீன் சபையாரும் பிரான்சிஸ்கு சபையாரும் அதைத் தொடர்ந்தனர். அமலோற்பவ அன்னையின் பெயரால் எழுந்த ஆலயம் பவளக் கற்களால் ஆனது. அதன் உட்புறத்தைக் கிவான் மக்கள் தங்கள் கடலின் சங்குகளாலும் சிப்பிகளாலும் அழகுபடுத்தினர். பொன்னும் வெள்ளியும் இல்லாதவர்கள், தங்களிடம் இருந்ததையே இறைவனுக்கு அளித்தனர். 2001-இல் இவ்வாலயம் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அமெரிக்கக் கடற்படையினர் இங்கு தளமும் விமான ஓடுபாதையும் அமைத்தனர். போர் முடிந்து அவர்கள் சென்றபின், 1949-இல் வேறு விருந்தினர் வந்தனர். சீனாவின் ஷாங்காய் நகரில் வாழ்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ரஷ்ய அகதிகள் போக்கிடமின்றித் தவித்தனர். அப்போது பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள். போரின் காயம் ஆறாத ஏழை நாடு. அந்நாட்டு அதிபர் எல்பிடியோ கிரினோ அவர்களுக்கு இடமளித்தார். கிவானை அடுத்த துபாபாவ் தீவில் அவர்கள் கூடாரம் அடித்துத் தங்கினர். ஆலயமும் பள்ளியும் அமைத்துக் கொண்டனர். அவர்களின் ஆயர் யோவான், இரவுதோறும் முகாமைச் சுற்றி நடந்து நாற்றிசையையும் ஆசீர்வதிப்பாராம். அதனால்தான் புயல்கள் அம்முகாமை அணுகவில்லை என்று மக்கள் நம்பினர். அகதிகளுள் பெரும்பாலோர் பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறினர்.

2013-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் விடியுமுன், ஹையான் என்ற பெரும்புயல் முதன்முதலில் கரையைத் தொட்டது கிவானில்தான். பிலிப்பைன்ஸ் மக்கள் அதனை யோலந்தா என்பர். மணிக்குச் சுமார் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. வீடுகளின் கூரைகள் பறந்தன; தென்னைகள் முறிந்தன; தொன்மையான ஆலயமும் இடிந்தது.

ஆனால் உயிர்ச்சேதம் மிகுந்தது கிவானில் அன்று. வளைகுடாவின் உட்பகுதியில் உள்ள டக்ளோபான் நகரில்தான். காரணம் என்ன? புயற்காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளும். அகன்ற வளைகுடா உள்ளே போகப்போகக் குறுகினால், புனலில் ஊற்றிய நீர் போல வெள்ளம் ஓங்கி எழும். இதைப் 'புயல் அலையேற்றம்' எனலாம். வானிலை அறிஞர் முன்னதாகவே எச்சரித்தனர். ஆனால் அவர்கள் கூறிய ஆங்கிலச் சொல் பலருக்கு விளங்கவில்லை. 'சுனாமி போல் கடல் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்' என்று பிழைத்தோர் பலர் வருந்தினர். நாடு முழுவதும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அறிவு மக்களின் சொல்லில் வந்து சேராவிட்டால் அது உயிர் காக்காது என்பதை இங்கு நாம் காண்கிறோம்.

அழிவுக்குப்பின் நிகழ்ந்ததையும் கேளுங்கள். போர்க்காலத்தில் அமைத்த அதே ஓடுபாதையில் உணவும் மருந்தும் சுமந்த விமானங்கள் வந்திறங்கின. கூரையிழந்த ஆலயத்தின் இடிபாடுகளுக்கிடையே திருப்பலி நடந்தது. 2015 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் டக்ளோபானுக்கு வந்து, கொட்டும் மழையில் மஞ்சள் மழையங்கி அணிந்தபடி மக்களோடு திருப்பலி நிறைவேற்றினார். கிவான் ஆலயமும் பல ஆண்டு உழைப்பால் மீண்டும் எழுந்து நிற்கிறது.

'அந்நியனாய் இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள்' என்பது ஆண்டவர் காட்டிய அளவுகோல். செல்வத்தால் சிறியதான கிவான் அந்த அளவுகோலில் உயர்ந்தே நிற்கிறது. நம் வாசலுக்கு வருவோரை வரவேற்கவும், ஆபத்து வருமுன் அண்டை வீட்டாருக்குப் புரியும் சொல்லில் எடுத்துச் சொல்லவும் கற்றுக்கொள்வோமாக!